வினாக்களைக் குறைத்தால் விடை மாறுமா?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி, "பிள்ளையை எந்த குரூப்பில் சேர்க்கலாம்?" என்பதுதான். இதற்கு உதவவே தொழில் ஆர்வத் தேர்வுகள் ஏற்பட்டன. இவற்றில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது.

இவற்றுள் பலவற்றுக்கு அடிப்படை, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடு. கருவி வேலை, ஆராய்ச்சி, கலை, சமூகப் பணி, வணிகம், அலுவலக ஒழுங்கு என ஆர்வங்களை அவர் ஆறாக வகுத்தார். அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் தேர்வில் முதலில் 180 வினாக்கள், வகைக்கு 30. 2010-இல் அது 60 ஆகச் சுருங்கியது.

ஏன் சுருக்க வேண்டும்? தேர்வு நீண்டால் பிள்ளைகள் சலித்துப்போய், படிக்காமலே டிக் அடித்துவிடுவார்கள். அதற்காக இஷ்டத்துக்கு வெட்டவும் கூடாது. வினா குறைந்தால் நம்பகத்தன்மையும் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு ஸ்பியர்மேன், பிரவுன் இருவரும் 1910-இல் தனித்தனியே சூத்திரம் தந்தனர். அதன்படி, 0.90 நம்பகமுள்ள தேர்வைப் பாதியாக்கினால் சுமார் 0.82 மிஞ்சும். நல்ல வினாக்களைப் பொறுக்கி வைத்தால் இழப்பு இன்னும் குறையும்.

நம்பகம் மட்டும் போதுமா? ஒரு தராசு எப்போதும் ஐம்பது கிராம் கூட்டியே காட்டினால், அது மாறாத தராசுதான். சரியான தராசு ஆகாது. கலை ஆர்வத்தை அளக்கப் பாட்டைப் பற்றியே பத்து வினா கேட்டால் நம்பகம் உயரும். ஓவியம் வரையும் பிள்ளை விடுபட்டுப்போகும். எனவே, வினாக்களைப் பொறுக்க உதவிய மாணவர்களை விட்டு, வேறு மாணவர்களிடம் சுருக்கத் தேர்வைச் சோதிக்க வேண்டும். அது நீண்ட தேர்வோடு ஒத்துப்போகிறதா, மாணவர் பின்னர் விரும்பிப் படிக்கும் துறையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ கன்னடமோ, தேர்வு ஆங்கிலத்தில். வினா புரியாமல் "பிடிக்காது" என்று குறித்தால் அது ஆர்வமின்மை ஆகுமா? ஓரிடத்தில் சரிபார்த்த தேர்வை, மொழியும் சூழலும் மாறும்போது மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.

ஆகவே பெற்றோரே, அறிக்கையைக் கையில் வாங்கியதும் மூன்று கேள்வி கேளுங்கள்: வகைக்கு எத்தனை வினா? யாரிடம் சரிபார்த்தது? எந்த மொழியில்? பதில் கிடைக்காவிட்டால், அந்தத் தாளை வைத்துப் பிள்ளையோடு பேசத் தொடங்குங்கள். முடிவை மட்டும் அதனிடம் விட்டுவிடாதீர்கள்.