பாய்ப்படகும் தலைக்காயமும்

பாய்ப்படகு விபத்து என்றதும் நம்மவர் அஞ்சுவது நீரில் மூழ்குதலையே. நீந்தவல்ல இளைஞர்க்கோ அவ்வச்சமும் இல்லை. ஆயினும், காயங்களிற் பெரும்பாலன படகினுள்ளேயே நிகழ்வன: கன்றல், சிராய்ப்பு, வெட்டு, சுளுக்கு. விரைந்தோடுங் கயிற்றை இறுகப் பற்றியவனது உள்ளங்கைத் தோல் தீச்சுட்டாற்போல் உரியும். அதனைத் தூய நீராற் கழுவுக, எண்ணெய் தடவற்க.

இவற்றினுங் கொடியது தலைக்காயம். திருக்கோணமலைத் துறைமுகம் குன்றுகளும் முனைகளும் சூழ்ந்தது. தரையைக் கடந்துவருங் கச்சான் அவற்றின் மறைவிலே திடீரெனத் திசைமாறும். காற்றைப் பின்னே வாங்கி ஓடும் படகில், அக்காற்று மறுபக்கந் தாவினால், பாயின் அடிவிளிம்பை ஏந்திநிற்குங் கட்டை நொடிப்பொழுதிற் குறுக்கே வீசி, குனியாதவனது தலையைத் தாக்கும். நினைவிழந்து கடலில் வீழ்ந்தவனுக்கு நீச்சல் யாது செய்யும்? மிதவைச் சட்டை காக்கும். அதுவும், முகத்தை மேல்நோக்கித் திருப்பவல்ல வகையாயின்.

அடிபட்டவன் எழுந்து நகைத்தாலும் நம்புதற்கில்லை. மண்டையோட்டினுள் நிகழுங் குருதிக்கசிவு, அவன் கரையேறி அன்புவழிபுரத்து வீட்டிலே உறங்கச் சென்றபின்னும் வெளிப்படக்கூடும். சிறிதுபொழுது நினைவிழந்திருந்தாலும், பின்னர்த் தலைவலி மிகுதல், வாந்தி, உறக்கமயக்கம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், விடியுமட்டும் காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.