இனிப்புக்கடைக்காரரும் பறங்கியும் ராப் பாடகரும்

வடகல்கத்தாவின் பாக்பஜாரில் இனிப்புக்கடை வைத்திருந்த ஒருவர், விளக்கு வைத்ததும் மேடையேறுவார். எதிரில் நிற்பவரைப் பாட்டாலேயே மண்ணைக் கவ்வ வைப்பார். அவர் பெயர் போலா மயரா. 'மயரா' என்றால் வங்காளியில் மிட்டாய் செய்பவர். இது நடந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன.

இன்று 'ராப்' பாடும் இளைஞர்களிடையே ஒரு சர்ச்சை ஓயாமல் நடக்கிறது. பாடுகிறவன் உண்மையிலேயே தெருவில் வளர்ந்தவனா? சொல்லுவது அவன் பட்டதா, படித்ததா? வரிகள் சொந்தமா, இரவலா? பழைய தலைமுறைப் பாடகர் புதியவரைப் 'போலி' என்பார். புதியவர் பழையவரை 'விலை போனவர்' என்பார். 1973 ஆகஸ்டு 11-ந் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுச் சுழற்றிய ஒரு விருந்தில் பிறந்த கலை இது என்பார்கள். பிறந்த இடம் அதுவாக இருக்கலாம். ஆனால் அந்தச் சர்ச்சையை அதற்கு வெகு காலம் முன்பே பார்த்துவிட்ட ஊர் கல்கத்தா. (2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாறியும் நம்மவர் வாயில் கல்கத்தாதான்.)

கவிகான்

அந்தக் கலைக்குக் 'கவிகான்' என்று பெயர். பாடுபவர் 'கவியால்'. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1830 வாக்கில் வரை இதற்குப் பொற்காலம். இரண்டு கோஷ்டிகள் எதிரெதிரே நிற்கும். டோல் முழங்கும், காஞ்சி ஒலிக்கும். ஒருவர் பாட்டில் கேள்வி போடுவார், மற்றவர் அங்கேயே பதில் கட்ட வேண்டும். தெய்வ வணக்கம், ராதையின் தோழி பேச்சு, விரகம் என்று மரியாதையாகத் தொடங்கி, கடைசியில் 'கேவுர்' என்ற வசைப் பகுதியில் போய் முடியும். கூட்டம் காத்திருந்தது அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தஞ்சைப் பக்கத்தில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி கட்டி லாவணி பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ரவீந்திரநாத் தாகூர் இந்தப் பாட்டுக்களை அவ்வளவாக மதிக்கவில்லை. பழைய கவிஞனுக்கு அரசன் ஆதரவு தந்தான். ஆங்கிலேயரின் புதிய தலைநகரிலோ 'பொதுஜனம்' என்ற பக்குவப்படாத ஆசாமியே அரசனாகிவிட்டான் என்ற பொருள்பட எழுதினார். குறையாகச் சொன்னதுதான். ஆயினும் தெருவின் மதிப்பு என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

பாடியவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள்? ஹரு டாக்கூர் பிராமணர். கேஷ்டா முச்சி செருப்புத் தைக்கும் குலத்தவர். நித்தாய் வைராகி வைணவப் பரதேசி மரபினர். ஜக்ஞேஸ்வரி என்ற பெண்மணியும் ஆண்களுக்குச் சமமாக மேடையேறினார். பந்தியில் ஒன்றாக உட்கார முடியாதவர்கள் பாட்டில் ஒருவரையொருவர் பிய்த்தெடுத்தார்கள். மறுநாள் தெருவே அதைப் பற்றிப் பேசியது.

ஹரு டாக்கூரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஷோபாபஜார் ராஜா நவகிருஷ்ண தேவ் பாட்டில் மயங்கி விலையுயர்ந்த சால்வையைப் பரிசளித்தாராம். கூலிக்குப் பாடுகிறவனாக நம்மை எண்ணிவிட்டாரே என்று வெகுண்ட ஹரு, அந்தச் சால்வையை அங்கேயே தம் டோல்காரர் தலையில் போட்டுவிட்டாராம். ராஜா கோபிக்கவில்லை; பின்னர் அவரே ஹருவின் புரவலர் ஆனார்.

புகழ்ச்சி எதற்கு?

போலா மயரா இந்த ஹருவின் சீடர். மேதினிபூர் ஜில்லாவில் ஜாடா என்ற ஊர். அங்கே போலாவை எதிர்த்துப் பாடிய ஜகா என்பவர், ஜமீன்தாரைக் குளிர்விக்க, அந்த ஊரையே பிருந்தாவனம் என்று வர்ணித்தார். போலா விட்டாரா? யமுனை எங்கே, ராதாகுண்டம் எங்கே, முள்ளங்கி விளைகிற ஊர் எப்படியப்பா பிருந்தாவனம் ஆகும் என்று ஜகாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். கவி பாட வந்தாய், பாடிக் காசை வாங்கிக்கொண்டு போ, காலைப் பிடிப்பது எதற்கு என்பது அவர் வாதம். ஜமீன்தாரின் கருமித்தனத்தையும் அவர் முன்னாலேயே போட்டு உடைத்தார். வங்காளச் சமூகத்தை விழிக்க வைக்கப் போலா மயரா போன்ற கவியால்கள் தேவை என்று வித்யாசாகர் கூறியதாகச் சொல்வதும் இந்தத் துணிச்சலுக்காகத்தான்.

(ரசகுல்லாவால் புகழ் பெற்ற பாக்பஜார் நவீன் சந்திர தாஸ் மணந்தது போலாவின் பேத்தியை. ஆக, அந்தக் குடும்பத்தில் காரம் பாட்டோடு நின்றது.)

ஆனால் நம் தமிழ் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியவர் அந்தோணி பறங்கி. போர்த்துக்கீசிய வம்சத்தவர். சந்தன்நகர்ப் பக்கம் வாழ்ந்து, பிராமண விதவை ஒருவரை மணந்து, வேட்டி கட்டி, வங்காளியில் கவி பாடினார். வெளியூர்க்காரனுக்கு இந்தத் தெருவில் பாட என்ன உரிமை என்ற கேள்வி அவர் முகத்துக்கு நேராகவே வந்தது. சட்டையும் தொப்பியும் எங்கே போயிற்று என்று டாக்கூர் சிங் கேட்டார். உன் அப்பாவுக்கு மருமகனானேன், அதனால் கழற்றிவிட்டேன் என்கிற பாணியில் அந்தோணி திருப்பிக் கொடுத்தார். ராம் பாசு அவருடைய கிருஷ்ண பக்தியையே வேஷம் என்றபோது, கிறிஸ்துவுக்கும் கிருஷ்ணனுக்கும் பெயரில்தான் பேதம் என்று பாடினார். மூன்று தலைமுறையாக லேக் மார்க்கெட்டில் குடியிருந்தும் வங்காளியில் வாய் திறந்ததும் 'மதராஜியா?' என்று கேட்கப்படுகிற குடும்பங்களுக்கு அந்தோணியின் சங்கடம் புரியும்.

அவர்மேலும் ஒரு புகார் இருந்தது. தொடக்கத்தில் கோரக்ஷநாத் என்பவரைச் சம்பளத்துக்கு வைத்துப் பாட்டு எழுதி வாங்கினார். கூலித் தகராறில் அவர் விலகவே, தாமே கட்டத் தொடங்கினார். அதன் பிறகே அவர் பெயர் ஓங்கியது. அதற்காக மற்றவர்கள் சுத்தம் என்று எண்ணிவிட வேண்டாம். ராம் பாசுவே தம் சொந்தக் கோஷ்டி அமைக்கும் முன் பிறருக்கு எழுதிக் கொடுத்தவர்தான். பிறர் எழுதிய வரியைப் பாடுகிறவன் ராப் பாடகனே அல்ல என்று இன்றைய இளைஞர்கள் சண்டையிடும்போது, இது நினைவுக்கு வராமல் போகாது.

ரயிலடிக் கவி

ஆங்கிலப் படிப்பும் நாடகக் கொட்டகையும் வந்ததும் கவிகான் நகரத்தில் மங்கிக் கிராமத்துக்குப் போயிற்று. தாராசங்கர் பந்த்யோபாத்யாயாவின் 'கவி' நாவலின் நாயகன் நித்தாய், தாழ்த்தப்பட்ட டோம் குலத்தவன். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். சட்டகிராமத்து ரமேஷ் சீல் (1877-1967) நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ராதை-கிருஷ்ணனை விட்டு, உழவனுக்கும் ஜமீன்தாருக்கும், போருக்கும் அமைதிக்கும் வாதம் வைத்துப் பாடினார். 1954-ல் கிழக்குப் பாகிஸ்தான் அரசு அவரைச் சிறையில் வைத்தது. தெரு கொடுக்கும் பட்டத்துக்கு இதைவிடப் பெரிய முத்திரை ஏது?

இந்திய ராப்பின் முதல் தலைமுறையை இவர்களோடு ஒப்பிட்டால் சற்று வெளிறித்தான் தெரிகிறது. 1992-ல் பாபா சேகலின் 'தண்டா தண்டா பானி', 1994-ல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்' இரண்டும் கேளிக்கை. பிந்தையதில் சென்னைப் பேச்சின் வாசனை இருந்தது என்பது உண்மை. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-ல் 'வல்லவன்' தொகுப்பால் தமிழ் ராப்பைத் தனிக் கலையாக நிறுத்தினர். கல்கத்தாவில் சிஸ்ஸி என்ற இளைஞர் வங்காளியில் ராப் பாடுகிறார். அவர் தன்னைச் சேரிக்காரனாகக் காட்டிக்கொள்ளாமல், 'மிடில் கிளாஸ் பாஞ்சாலி' என்று நடுத்தர வீட்டுக் கதையைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது மெச்சத்தக்கது. இல்லாத வறுமையை இரவல் வாங்குவதைவிட இது மேல்.

அரக்கோணத்து அறிவு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் இல்லாததால் பெரிய கண்டனம் எழுந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் கதையைப் பாடியவரே விடுபட்டாரே என்று கேட்டவர்கள் பலர்.

பரீட்சை எந்தத் தலைமுறைக்குக் கடினம்? கவியாலுக்கே என்று தயங்காமல் சொல்லலாம். பொய் சொன்னால் அந்த நிமிடமே எதிராளி பிடிப்பார், கூட்டம் சிரிக்கும், பதிவை அழித்து மறுபடி பாட வழியில்லை. ராப் பாடகருக்குப் பத்து முறை திருத்த வசதி இருக்கிறது. ஆனால் அவர் பாட்டு மிஞ்சும். கவியாலின் பாட்டு காற்றோடு போயிற்று. 1854-55-ல் 'சம்வாத் பிரபாகர்' ஆசிரியர் ஈஸ்வர் சந்திர குப்தா, வயதானவர்களைத் தேடித் தேடி நினைவில் இருந்தவற்றைக் கேட்டு எழுதி அச்சிட்டார். அந்தோணி 1836-லேயே காலமாகிவிட்டார். பௌபஜாரில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பறங்கிக் காளி கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது. அவர் பாட்டுக்களில் கைக்கு எட்டியவை மிகச் சிலவே.