நான்கு பேர் வாசித்த இடத்தில் ஒரு பெட்டி

ஜமைக்காவில் ஜாஸ் வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு, வாரத்தில் ஜாஸ் வாசிக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் வேறு எதையாவது வாசித்து வயிற்றைக் கழுவுகிறார். சோம்பலோ சமரசமோ இதற்குக் காரணம் இல்லை. அந்தத் தீவில் இந்தத் தொழில் எப்போதுமே இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த 'வேறு எதையாவது' இப்போது வேகமாகக் கைநழுவிப் போகிறது. அது போனால் அந்தச் சில மணி நேர ஜாஸும் மிஞ்சாது.

கிங்ஸ்டனில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் ஒருவருடைய வாரம் பெரும்பாலும் இப்படிப் போகும். ஞாயிறு காலை தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பக்கபலம். வாரநாட்களில் பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். ரெகே பாடகர் யாராவது ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் ஸ்டூடியோவில் நாலு வரி ஊதிவிட்டு வரலாம். இடையிடையே கல்யாணம், கம்பெனி விருந்து, சாவு வீடு. வார இறுதியில் வடகரை ஹோட்டல்கள்.

வடகரைக்குப் போக மலையைத் தாண்ட வேண்டும். 2016-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட நெடுஞ்சாலை வழியே போனால் ஓச்சோ ரியோஸ் பக்கம்தான். ஆனால் சுங்கக் கட்டணம் கையைக் கடிக்கும். அதை மிச்சப்படுத்த நினைப்பவர் பழைய சாலையில் போக் வாக் பள்ளத்தாக்கு வழியே போக வேண்டும். அங்கே ரியோ கோப்ரே ஆற்றின் மேல் இருக்கும் பிளாட் பிரிட்ஜ் பாலத்துக்குப் பக்கச் சுவரே கிடையாது. மழை வலுத்தால் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். கச்சேரி முடிந்து, ஸ்பீக்கர்களை வண்டியில் ஏற்றி, நள்ளிரவுக்குப் பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும்.

ஹோட்டலில் சாயங்காலம் நீச்சல் குளத்தங்கரை, பிறகு சாப்பாட்டுக் கூடம். பாப் மார்லி கேட்பார்கள், ஹாரி பெலஃபான்டே கேட்பார்கள், வயதானவர்கள் சினாட்ரா கேட்பார்கள். தட்டு கரண்டிச் சத்தத்துக்கு மேல் எழும்பாமல் வாசிக்க வேண்டும். நல்ல வாத்தியக்காரர் அதற்குள்ளேயும் ஜாஸை நுழைத்துவிடுவார். பாட்டின் நடுவில் பாடகி தண்ணீர் குடிக்கும் நேரத்தில் பதினாறு பார் தனி வாசிப்பு கிடைக்கும். டிரம்காரர் அதைக் காதில் வாங்கிக் குச்சியை மாற்றுவார், பியானோக்காரர் ஸ்வரக்கட்டைத் திருப்பிப் போடுவார். கூடத்தில் இருவர் நிமிர்ந்து பார்த்தால் அன்றைய கூலிக்கு மேல் ஒரு கூலி.

உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். ஈரப்பதத்தில் சாக்ஸபோனின் பேடுகள் உப்பும், பியானோ சுதி விலகும். சாக்ஸில் பொருத்தும் ரீடுக்கான நாணல் பெரும்பாலும் தெற்கு பிரான்ஸில் விளைகிறது. ரீடு, தந்தி, உதிரி பாகம் எல்லாவற்றுக்கும் அமெரிக்க டாலர் கணக்கில் விலை. சம்பளமோ பெரும்பாலும் ஜமைக்க டாலரில். ஜமைக்க டாலரின் மதிப்பு சரியும் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி ரீடு இன்னும் எட்டாத உயரத்துக்குப் போகிறது.

இவ்வளவு சிரமத்தில் இருக்கும் இடம்தான் உலகத்துக்கு வாத்தியக்காரர்களை அள்ளிக் கொடுத்தது. கிங்ஸ்டனில் 1880-ல் தொடங்கப்பட்ட ஆல்ஃபா அநாதை இல்லம் பிற்பாடு கருணைச் சகோதரிகள் சபையின் பொறுப்புக்கு வந்தது. ஏழைப் பையன்களுக்கும், ஊர் 'அடங்காதவர்கள்' என்று ஒதுக்கிய பையன்களுக்கும் அங்கே அச்சுத் தொழிலும் தையலும் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே பித்தளை வாத்தியங்களும். 1939-ல் அங்கே சேர்ந்த சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ், 2003-ல் இறக்கும்வரை அந்தப் பையன்களோடே வாழ்ந்தார். ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து அவர்களுக்குப் போட்டுக் காட்டிய கன்னியாஸ்திரீ அவர். நன்றாக ஊதும் பையன் ராணுவ பேண்டுக்கோ நகரத்து நடன பேண்டுகளுக்கோ போவான்.

அங்கே படித்துத் தீவை விட்டுப் போனவர்களின் பெயர்களைப் பாருங்கள். ஆல்டோ சாக்ஸ் ஜோ ஹேரியட் 1951-ல் இங்கிலாந்து போனார். அமெரிக்கர்களைப் பின்பற்றாமல் 1960-ல் தானாகவே கட்டற்ற ஜாஸ் வடிவம் ஒன்றை உருவாக்கினார். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரோடு சேர்ந்து சிதாரையும் தபலாவையும் ஜாஸ் குழுவோடு உட்கார வைத்தவரும் அவர்தான். கையில் காசில்லாமல் 1973-ல் இறந்தார். ட்ரம்பெட் டிஸ்ஸி ரீஸ் லண்டன் வழியாக நியூயார்க் போனார். டெனர் சாக்ஸ் வில்டன் கேனேர் ஜெர்மனியில் தங்கிவிட்டார். டிராம்போன் ரிகோ ரோட்ரிகஸ் 1961-ல் இங்கிலாந்து போனார். எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆல்ஃபாவில் படிக்காத பியானோ மேதை மான்டி அலெக்சாண்டரும் அதே 1961-ல், பதின்வயதில், மயாமிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

போகாமல் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதில்தான் இன்றைய கவலையின் வேர் இருக்கிறது.

1940-களில் கிங்ஸ்டனில் பெரிய நடன பேண்டுகள் இருந்தன. எரிக் டீன்ஸ் நடத்திய பேண்டில் டிராம்போன் டான் டிரம்மண்டும், கிதார் எர்னஸ்ட் ரங்லினும் வாசித்திருக்கிறார்கள். ஒரு பேண்டில் பன்னிரண்டு பேருக்கு மேல். எல்லோருக்கும் சம்பளம், சாப்பாடு, நடுவில் இடைவேளை. 1950-களில் ராட்சத ஸ்பீக்கர்களும் அமெரிக்க இசைத்தட்டுகளுமாக 'சவுண்ட் சிஸ்டம்' வந்தது. அதற்குச் சோறும் வேண்டாம், ஓய்வும் வேண்டாம். பேண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அதுதான் முதல் அடி.

அந்த அடியைத் தாங்க முடிந்தது. சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்கு ஆட்டத்துக்கு ஏற்ற அமெரிக்கத் தட்டுகள் கிடைப்பது குறைந்தபோது, உள்ளூரிலேயே பாட்டு பதிய வேண்டி வந்தது. அதற்கு வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டார்கள். அப்படி ஒரு சவுண்ட் சிஸ்டம்காரரான கிளெமென்ட் டாட் 1963-ல் பிரென்ட்ஃபோர்டு சாலையில் ஸ்டூடியோ ஒன் தொடங்கினார். இரவில் கிளப்பில் ஜாஸ் வாசித்தவர்கள் பகலில் அங்கே உட்கார்ந்து ஸ்கா இசையைச் செதுக்கினார்கள். 1964-ல் உருவான ஸ்கடலைட்ஸ் குழுவின் ஊதுவாத்தியக்காரர்களில் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர் நால்வரும் ஆல்ஃபா பையன்கள். அந்த முதல் குழு 1965-லேயே கலைந்துவிட்டது. டிரம்மண்ட் 1969-ல் மனநல மருத்துவமனையில் இறந்தார். ஆனால் அவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் ராக்ஸ்டெடியும் ரெகேவும் எழுந்தன. ரங்லின் ஸ்டூடியோவிலும் மான்டெகோ பே ஹோட்டலிலும் வாசித்தவர். 1964-ல் உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்ற 'மை பாய் லாலிபாப்' பாட்டுக்கு வாத்திய இசையைக் கோத்துக் கொடுத்தவரும், அதே ஆண்டு லண்டனின் புகழ்பெற்ற ஜாஸ் கிளப்பில் நிலைய கிதார் கலைஞராக அமர்ந்தவரும் அவர்தான். பாப் பாட்டு சோறு போட்டது, ஜாஸ் வளர்ந்தது.

இரண்டாவது அடி 1985-ல் விழுந்தது. ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண் கல்லூரியில் ரெகே பற்றியே ஆய்வு எழுதியவர். மின்னணு நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, 1981-ல் வெளிவந்த ஒரு சின்னஞ்சிறு கீபோர்டுக்குத் தாளக்கட்டுகள் அமைத்துக் கொடுத்தார். அதில் 'ராக்' என்று பெயரிட்ட தாளத்தை வைத்துக் கிங்ஸ்டனில் 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்ற பாட்டு பதிவானது. டிரம்காரர் இல்லை, பேஸ்காரர் இல்லை, ஊதுவாத்தியம் இல்லை. தீவே அதற்கு ஆடியது. பிறகு அந்தத் தாளத்தின் மேலேயே எண்ணற்ற பாட்டுகள். ரெகேவை நேசித்த ஒருவர் போட்ட தாளம், ரெகே வாத்தியக்காரர்களின் ஸ்டூடியோ வேலையைப் பறித்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அதன் பிறகு நிலையான வேலை என்று மிஞ்சியது ஹோட்டல் மட்டும். 28 லட்சம் பேர் வாழும் தீவுக்கு 2024-ல் 40 லட்சத்துக்கும் மேல் பயணிகள் வந்தார்கள். ஆனால் சாப்பாடு, குடி, பாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் விடுதி முறை வேரூன்றிய பிறகு, வருபவர்களில் பலர் வாசலைத் தாண்டி ஊருக்குள் வருவதில்லை. ஊருக்குள் கிளப் நடத்தியவர்களுக்கு ஆள் இல்லை. டிப்ஸ் வாங்கக் கூடாது என்று தடை போட்ட விடுதிகளும் உண்டு. அப்படியும், உள்ளே நான்கைந்து பேர் சேர்ந்து வாசிக்க ஒரு மேடை இருந்தது.

இப்போது மூன்றாவது அடி அந்த மேடையின் மேல். ஒரு பாடகி, ஒரு லேப்டாப். டிரம், பேஸ், பியானோ எல்லாம் முன்பே பதிந்த 'டிராக்'கில் ஓடும். கூட ஒரு சாக்ஸ்காரர் நின்றால் அது ஆடம்பரம். விடுதி நடத்துபவர்கள், செலவு கட்டுப்படியாகவில்லை, விருந்தினர் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை என்கிறார்கள். லேப்டாப்பும் ஒரு வாத்தியம்தான் என்று சொல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு என் பதில் ஒன்றே. டிராக் யார் சொல்வதையும் கேட்காது. மூன்றே முக்கால் நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு மூன்றே முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். சாக்ஸ்காரருக்கு இன்னொரு சுற்று போகத் தோன்றினால் அது காத்திருக்காது. அவர் மெதுவாக ஊதினால் அது தணியாது, தாளத்தைத் தள்ளினால் கூட வராது. ரெகே பாட்டை டிராக்கில் வைத்து ஒப்பேற்றலாம், சினாட்ரா பாட்டையும் ஒப்பேற்றலாம். ஜாஸை முடியாது. ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் அந்தக் கணத்தில் பதில் சொல்வதுதான் அந்த இசை. பெட்டி மேடையேறினால் முதலில் சாவது ஜாஸ்தான்.

இதைவிடப் பெரிய இழப்பு இளையவர்களுக்கு. ஹோட்டல் பேண்டுதான் பள்ளிக்குப் பிந்தைய பள்ளி. அறுபது வயது பியானோக்காரர் பக்கத்தில் இருபது வயது பேஸ்காரன் ராத்திரி தோறும் நின்று, பாட்டின் நடுவில் சுதியை மாற்றினால் எப்படிப் பிடிப்பது, பாடகி தடுமாறினால் எப்படித் தாங்குவது என்று கற்றுக்கொண்டான். கல்லூரியில் இதைக் கற்றுத்தர ஆளில்லாமல் இல்லை. அமெரிக்க டிராம்போன் மேதை மெல்பா லிஸ்டன் 1970-களில் கிங்ஸ்டனிலேயே தங்கி இசைப் பள்ளியில் ஜாஸ் துறையை நடத்தினார். இன்றும் எட்னா மேன்லி கல்லூரி இசையில் பட்டம் தருகிறது. ஆல்ஃபாவின் விடுதி 2014-ல் மூடப்பட்டாலும் இசை வகுப்பு தொடர்கிறது. பட்டத்தோடும் ட்ரம்பெட்டோடும் வெளியே வரும் பிள்ளை எங்கே போய் நாலு பேரோடு நிற்பான்? சொகுசுக் கப்பலில் மாதக்கணக்கில் ஒப்பந்தம், அல்லது விசா வரிசை. மறுபடியும் வெளியூர்.

தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் தீவின் எல்லைகள் மூடப்பட்டபோது ஹோட்டல் வேலை ஒரே வாரத்தில் இல்லாமல் போனது. 2025 அக்டோபர் 28-ல் மெலிசா புயல் ஐந்தாம் வகை வேகத்தோடு கரையேறி மேற்கு ஜமைக்காவைச் சிதைத்தபோது மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு முறை விடுதிகள் திறக்கும்போதும், ஐந்து பேர் இருந்த பேண்டை ஐந்து பேராகவே திரும்பக் கூப்பிடுவார்களா என்பதுதான் என் அச்சம். டிராக்கை ஒரு முறை வாங்கிவிட்டால் அடுத்த மாதம் சம்பளம் கேட்காது.

யுனெஸ்கோ 2015-ல் கிங்ஸ்டனை இசை நகரமாக அறிவித்தது, 2018-ல் ரெகேவை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. ஆனால் ட்ரம்பெட் கலைஞர் சன்னி பிராட்ஷா போன்ற ஒருவர் செய்ததைப் பட்டியல்கள் செய்யாது. மற்றவர்கள் விமானம் ஏறிய காலத்தில் அவர் தீவிலேயே இருந்தார். கால் நூற்றாண்டு வாத்தியக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்து கூலிக்காகப் பேசினார். 1991-ல் ஓச்சோ ரியோஸில் ஜாஸ் விழாவைத் தொடங்கினார். 2009-ல் மறைந்தார். அவர் பேசிய பேச்சை இன்று சட்டமாகவே எழுத வேண்டும்: இத்தனை அறைகளுக்கு மேல் உள்ள விடுதியில் இத்தனை பேர் நேரடியாக வாசிக்க வேண்டும் என்று. கடற்கரையைப் பயன்படுத்தி லாபம் பார்க்கும் தொழில், அந்த ஊரின் வாத்தியக்காரனுக்கு ஒரு நாற்காலி போடுவது தர்மம் அல்ல, கடமை.

டொரன்டோவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் குளிர்காலத்தில் மான்டெகோ பே போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது எத்தனையோ பேர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறை பதிவு செய்யும் முன், ராத்திரி வாசிப்பது பேண்டா டிராக்கா என்று விடுதிக்கு எழுதிக் கேளுங்கள். நீங்கள் கவனிப்பதில்லை என்று நினைப்பதால்தான் பெட்டியை வைக்கிறார்கள். ஒரு ராத்திரியாவது விடுதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊருக்குள் நேரடியாக வாசிக்கும் இடத்துக்குப் போய்க் காசு கொடுத்து உட்காருங்கள். பாப் மார்லி பாட்டு முடிந்ததும் வாசிப்பவர்களிடம் போய், உங்களுக்குப் பிடித்த ஜாஸ் ஒன்று வாசியுங்கள் என்று கேளுங்கள்.