ரத்தச் சீட்டைப் பார்த்து மருந்தை நிறுத்தலாமா?

"ரத்தத்துல ஏதோ ஏறிப்போச்சாம், மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க." முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிட்டால் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "அந்த மாத்திரைதான் ஈரலைக் கெடுக்குது, நிறுத்திப்புடு" என்பார். மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். சில வாரங்களில் விரல் மூட்டுகள் மறுபடி வீங்கத் தொடங்கும்.

குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் பாடுபடுகிற நமக்கு விரல்தான் சோறு போடுகிறது. பால் நன்றாக இறங்குவது விடியற்காலைக் குளிர்ச்சியில். முடக்குவாதக்காரரின் விரல்கள் மடங்காமல் விறைத்து நிற்பதும் அதே விடியற்காலையில்தான். உளியைப் பிடிக்க முடியாதவர் நிரையை எப்படி முடிப்பார்? செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே அந்தச் சீட்டில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்வது நம் பிழைப்புக்கே தேவையான சங்கதி.

இது எந்த வாதம்?

வயசானால் வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. மலேசிய ஆஸ்பத்திரிகளில் இந்த நோய்க்கு வருகிறவர்களில், மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைவிட இந்தியர்களின் பங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2005 முதல் 2009 வரை இந்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு, புகைபிடிப்பதும் இந்நோய்க்கு ஒரு காரணம் என்று கண்டது.

வலி குறைந்தாலும், நோய் அடங்காவிட்டால் எலும்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது. அதனால்தான் மருந்தைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்கிறார்கள்.

சீட்டில் இரண்டு கணக்கு

ரத்தச் சீட்டில் இருப்பது ஒரே கணக்கு அல்ல. நோய் எவ்வளவு கொதிக்கிறது என்பது ஒன்று. மருந்தை உடம்பு தாங்குகிறதா என்பது மற்றொன்று.

முதல் கணக்கில் வருவது இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும். குழாயில் நிற்கிற ரத்தத்தின் சிவப்பணுக்கள் 1 மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பதே இ.எஸ்.ஆர். வயது ஏற ஏற இதுவும் ஏறும். 50 வயதுப் பெண்ணுக்கு 30 வரை இருந்தால் அதிசயம் இல்லை. சோகை, கர்ப்பம், பல் சீழ், காலில் புண், சளிக்காய்ச்சல் இவையெல்லாம் அதை ஏற்றிவிடும். சி.ஆர்.பி. என்பது ஈரல் உண்டாக்கும் ஒரு புரதம். கிருமி தாக்கினாலும் ஓரிரு நாளில் ஏறி, பிறகு இறங்கும். ஆகவே எண் ஏறியிருந்தால் நோய் முற்றிவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. மூட்டு வீங்கியிருக்கிறதா, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.

'ருமட்டாய்டு ஃபாக்டர்' என்ற சோதனை இந்த நோய் இல்லாத சிலருக்கும், முக்கியமாக வயதானவர்களுக்கும், இருப்பதாகக் காட்டும். நோய் உள்ள சிலருக்கு இல்லையென்றும் காட்டும். நோய் இன்னதென்று முடிவான பிறகு, அந்த எண்ணை மாதாமாதம் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது கணக்கு ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்குத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், நிலைப்பட்டபின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். ஈரல் எண் கொஞ்சம் ஏறியிருந்தால் பெரும்பாலும் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது மருந்தளவைக் குறைப்பார்கள். இயல்பு அளவின் மேல்வரம்பைப் போல் 3 மடங்குக்கு மேல் போனால் மருந்தை நிறுத்தச் சொல்வது வழக்கம். "மறுபடி வாங்க" என்பது கெட்ட சேதி அல்ல. கெடுவதற்கு முன்னே கண்டுபிடிக்கிற காவல் அது.

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழும் ஆண்களுக்கு 13க்குக் கீழும் போனால் சோகை. அதற்கு இந்த நோயே காரணமாக இருக்கலாம். வலி மாத்திரையால் வயிற்றில் ரத்தம் கசிந்தும் இருக்கலாம். கடையில் இரும்புச் சத்து டானிக் வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

புற்றுநோய் மருந்தாமே?

பலரைக் கலங்க வைக்கிற கேள்வி இது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்ற ஆந்திரத்துக்காரரின் தலைமையில், 1940களில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது மெத்தோட்ரெக்சேட். முதலில் புற்றுநோய்க்குத்தான் கொடுத்தார்கள். முடக்குவாதத்துக்குக் கொடுப்பது அதில் மிகச் சிறிய அளவு, அதுவும் வாரத்துக்கு ஒரே நாள். 1988-இல் அமெரிக்கா இதை முடக்குவாத மருந்தாக ஏற்றுக்கொண்டது.

கூடவே தருகிற ஃபோலிக் அமிலத்துக்கும் நம்மைப் போன்றவர்களோடு ஒரு தொடர்பு உண்டு. 1928 முதல் பம்பாய் நெசவாலைப் பெண் தொழிலாளிகளின் கர்ப்பகாலச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் கண்ட வழியில்தான் அந்தச் சத்து உலகுக்குத் தெரிந்தது. வாய்ப்புண், குமட்டல், ஈரல் எண் ஏறுவது ஆகியவற்றை அது குறைக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறி தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை பெற நினைப்பவர்களும் முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எண்ணை ஏற்றுகிற மற்ற காரணங்கள்

கள், சம்சு, பீர் எதுவானாலும் இந்த மருந்தோடு சேர்ந்தால் ஈரலுக்கு இரட்டைச் சுமை. டாக்டரிடம் வெட்கப்பட்டு மறைத்தால், ஏறிய எண்ணுக்குப் பழி மருந்தின் மேல் விழும். "ஒரே வாரத்தில் வலி போகும்" என்று விற்கிற ஜாமு, மாஜூன் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி நிற்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். இன்னொன்று தோட்டத்துக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். டெங்கி வெள்ளணுக்களையும் பிளேட்லெட்டுகளையும் இறக்கும். ஆகவே ரத்தம் எடுக்கப் போகும்போது, காட்டு வேலை செய்கிறேன், இன்ன நாளில் காய்ச்சல் வந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

காய்ச்சல், தொண்டைப் புண், வாயெல்லாம் புண், காரணமில்லாமல் நீலம் பாரித்தல், கண் மஞ்சளாதல், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல், கறுப்பாக மலம் போதல், ஓயாத வாந்தி பேதி. இதில் ஒன்று வந்தாலும் அந்த வாரத்து மெத்தோட்ரெக்சேட்டை விழுங்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். அடுத்த தவணை வரைக்கும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

மற்றபடி, மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். நர்ஸ் "ஹாத்தி" என்றால் அது ஈரல், இருதயம் அல்ல. "புவா பிங்காங்" என்றால் சிறுநீரகம். புரியவில்லையென்றால் கூச்சப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த எண் ஏறியது? போன தடவை எவ்வளவு? மருந்தாலா, நோயாலா, வேறு எதனாலுமா? அடுத்த ரத்தம் எப்போது?

சீட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். ஒற்றை எண்ணைவிட ஒரு வருஷத்துச் சீட்டுகள் டாக்டருக்கு அதிகம் சொல்லும். டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு: வேலையில் சேர்ந்து 2 வருஷம் ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். கிராணியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் போய்விடுமே என்று ரத்தம் எடுக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.