காலைத் தூக்கினால் கரண்ட்

செகந்திராபாத்தில் ஜூபிலி பஸ் நிலையத்திலிருந்து கார்கானா வழியாகத் திருமுல்கேரிக்குக் காலை நேரத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஆக்சிலரேட்டரைவிடப் பிரேக்கில்தான் வேலை அதிகம். பெட்ரோல் காரில் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அந்த வேகம் வெறும் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. மின்சாரக் கார் அதில் ஒரு பங்கை மீட்டுக்கொள்கிறது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்குமே, அதே இழுவைதான் காரின் வேகத்தைக் குறைக்கிறது. 2020 பிப்ரவரியில் ஜூபிலி பஸ் நிலையத்துக்கு வந்த மெட்ரோ ரயிலிலும் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே மீளும் மின்சாரம் மேலே உள்ள கம்பிக்குப் போய்விடும்.

1,500 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 40 வாட்-மணி. மோட்டாரிலும் பேட்டரியிலும் போய்வரும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, மறுபடி சக்கரத்துக்கு வருவது ஏறத்தாழ 60, 70 சதவீதம்தான். ஆகவே ரீஜெனை எப்போதும் உச்சத்தில் வைத்தால்தான் லாபம் என்பது தவறு. நிறுத்தத் தேவையே இல்லாத இடத்தில் வேகத்தை இழக்காமல் உருளவிடுவதுதான் பெரிய சேமிப்பு. டாடா நெக்ஸான் இவி மின்சாரக் காரில் ரீஜெனுக்கு 0 முதல் 3 வரை நான்கு நிலைகள். வெளிவட்டச் சாலையில் 0 அல்லது 1 போதும். கார்கானா நெரிசலுக்கு 2, 3 சரி.

தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை மெல்லத் தளர்த்துங்கள். அதே 1,500 கிலோ காரை 50 கி.மீ. வேகத்திலிருந்து 3 வினாடியில் நிறுத்தினால் சராசரியாக 48 கிலோவாட் சக்தி பாயும். அவ்வளவையும் பேட்டரி ஒரேயடியாக வாங்கிக்கொள்ளாமல் போகலாம். மிச்சத்தைச் சாதாரண பிரேக் சூடாக்கி வீணடிக்கும். 10 வினாடி எடுத்துக்கொண்டால் 15 கிலோவாட்டுக்கும் குறைவு. நிதானமாக உள்ளே போகும். காலை வெடுக்கென்று எடுத்தால் பின்சீட்டில் இருப்பவர் முன்னால் சாய்வார், பின்னால் வரும் பைக்காரரும் திணறுவார்.

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி 100 சதவீதத்தோடு கிளம்பினால் பேட்டரியில் இடமிருக்காது, ரீஜென் மங்கும். காலைத் தூக்கினாலும் கார் எதிர்பார்த்த அளவு தளராது. முதல் சில கிலோமீட்டர் பிரேக்கை அழுத்தக் கால் தயாராக இருக்கட்டும். தினசரி ஓட்டத்துக்கு 80, 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது இதற்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது.

ரீஜெனால் பிரேக் பேட் நெடுநாள் உழைக்கும். ஆனால் மழைக்காலத்தில், பிரேக்கையே தொடாமல் ஓட்டினால் டிஸ்க்கில் துரு ஏறும். அவ்வப்போது காலிச் சாலையில் ரீஜெனை 0-க்குக் கொண்டுவந்து, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, நாலைந்து தடவை பிரேக்கை நன்றாக அழுத்தினால் டிஸ்க் துலங்கிவிடும்.