பட்டாசுத் தொழில்வட்டாரப் பள்ளிகளில் இரண்டாம்மொழிக் கற்றலும் கருத்துப்பரிமாற்றத் திறனும்: விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பள்ளியில் இரண்டாம்மொழி கற்பதன் பயன் கருத்துப்பரிமாற்றத் திறன் வளர்வதே ஆகும். எனினும் நடைமுறையில் அக்கற்றல் எழுத்துத் தேர்வை மையமாகக் கொண்டு சுருங்கிவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பகுதி மாணவர்க்குத் தமிழே இரண்டாம்மொழியாகவும், ஏறத்தாழ அனைவர்க்கும் ஆங்கிலம் வகுப்பறையில் மட்டும் பயிலும் மொழியாகவும் அமைகின்றது. இந்நிலையில் கருத்துப்பரிமாற்றத் திறன் எவ்வாறு உருவாகிறது, எங்குத் தடைப்படுகிறது, சிவகாசி வட்டாரச் சூழல் அதற்கு எவ்வகையில் துணைசெய்யும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இரண்டாம்மொழி, கருத்துப்பரிமாற்றத் திறன், வீட்டுமொழி, தகவல் இடைவெளி, சிவகாசி, நன்னூல்.

1. முன்னுரை

மொழியறிவும் மொழியைப் பயன்படுத்தும் ஆற்றலும் ஒன்றல்ல. ஒரு மொழியின் இலக்கணத்தை அறிந்த மாணவர் அம்மொழியில் ஓர் ஐயத்தைக் கேட்க இயலாமல் நிற்பதுண்டு. டெல் ஹைம்ஸ் 1972 இல் வெளியிட்ட கட்டுரையில், எதை, யாரிடம், எப்போது, எவ்வாறு பேசுவது என்னும் அறிவும் மொழித்திறனின் பகுதியே என்று நிறுவினார். மைக்கேல் கனாலே, மெரில் ஸ்வெயின் ஆகியோர் 1980 இல் இத்திறனை இலக்கணத் திறன், சமூகமொழியியல் திறன், உத்தித் திறன் என மூன்றாகப் பகுத்தனர். தெரியாத சொல் குறுக்கிடும்போது விளக்கியோ, மீண்டும் கேட்டோ, சைகை காட்டியோ பேச்சைத் தொடர்வது உத்தித் திறனாகும். நம் பள்ளித் தேர்வுகள் பெரிதும் அளப்பது இவற்றுள் முதலாவதையே. ஏனைய இரண்டும் வினாத்தாளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

தொழிலும் ஆபத்தும் ஒருங்கே நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இவ்விடைவெளி மதிப்பெண்ணைப் பற்றிய சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வேலையிடத்தில் ஒரு விதியைப் படித்துப் பொருள் கொள்வதும், ஒரு குறையை எடுத்துரைப்பதும், ஒரு பணியை மறுப்பதும் மொழியைச் சார்ந்த செயல்களே.

2. மாவட்டத்தின் மொழிச்சூழல்

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985 இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டம் கரிசல் நிலத்தைப் பெரிதும் கொண்டது. தமிழே பெரும்பான்மை மொழி. ஆயினும் இராசபாளையம், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பல குடும்பங்களின் வீட்டுமொழி தெலுங்கு. அருப்புக்கோட்டை நெசவாளரிடையே கன்னடம் பேசும் குடும்பங்களும் உண்டு. இவ்வீடுகளின் குழந்தைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் பேச்சுத்தமிழ், பாடநூலில் எழுத்துத்தமிழ், அதன்மேல் ஆங்கிலம் என நான்கு அடுக்குகள் அமைகின்றன.

தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைக்கும் எழுத்துத்தமிழ் முற்றிலும் பழகிய மொழியன்று. சார்லஸ் பெர்குசன் 1959 இல் விளக்கிய இரட்டைவழக்கு நிலைக்குத் தமிழ் தெளிவான சான்றாகும். எனவே 'இரண்டாம்மொழி' என்னும் சொல்லை ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதாகக் கொள்வது இவ்வட்டாரத்திற்குப் பொருந்தாது.

கல்விக்கொள்கையும் இங்குக் கருதத்தக்கது. 1968 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றுகின்றன. 2006 ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பகுதி 1 இன் பாடமாகவும், ஆங்கிலத்தைப் பகுதி 2 இன் பாடமாகவும் வகுத்து, முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பிறமொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் அதனை விருப்பப் பாடமாகப் பயிலப் பகுதி 4 இடமளிக்கிறது. தொடக்கக்கல்வியில் தாய்மொழிவழிக் கற்றலுக்கு வசதி செய்ய வேண்டும் என்பதை அரசமைப்பின் 350ஏ உறுப்பும் வலியுறுத்துகிறது. சட்டம் மொழிகளை வரிசைப்படுத்துகிறது; அம்மொழிகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் குழந்தை கடந்துசெல்லும் வழியை வகுப்பறைதான் அமைக்க வேண்டியிருக்கிறது.

3. தெருவில் பேசும் மொழியும் பாடநூல் மொழியும்

தெலுங்கு பேசும் வீட்டுக் குழந்தை தமிழில் தடையின்றி விளையாடுவதைக் காணும் ஆசிரியர், அக்குழந்தைக்குத் தமிழில் இடர்ப்பாடு இல்லை என்று முடிவு செய்வது இயல்பு. ஜிம் கம்மின்ஸ் 1979 இல் முன்வைத்த பகுப்பு இம்முடிவை ஐயுறச் செய்கிறது. அன்றாட உரையாடல் திறனும் கல்விசார் மொழித்திறனும் வேறுவேறு வேகத்தில் வளர்பவை. கனடாவிற்குக் குடிபெயர்ந்தோரின் குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் உரையாடல் திறனைப் பெற்றனர். கல்விசார் திறனில் தம் வயதினரை எட்ட அவர்களுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன. 'ஆவியாதல்', 'விகிதம்', 'ஒப்பிடுக', 'காரணம் கூறுக' போன்ற சொற்கள் விளையாட்டுத் திடலில் கிடைப்பவை அல்ல.

முதல்மொழியில் பெற்ற கருத்துத் தெளிவு இரண்டாம்மொழிக்கு மாறிச்செல்லும் என்பது கம்மின்ஸின் மற்றொரு கருத்து. 'காரணம்' என்பதன் பொருளை வீட்டுமொழியில் உணர்ந்த குழந்தைக்குத் தமிழில் புதிதாக வேண்டுவது அதற்குரிய சொல்லே. எனவே வகுப்பில் வீட்டுமொழியைத் தடைசெய்வது இரண்டாம்மொழியை விரைவுபடுத்தாது. ஏற்கெனவே உள்ள அறிவை முடக்கிவிடும்.

கரிசல் இலக்கியம் இதற்கு வலுவூட்டுகிறது. இடைசெவலில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் உயர்கல்வி பெறாதவர். எனினும் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தவரும், 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரும் அவரே. வீட்டுமொழி வேறாக இருப்பது தமிழாற்றலுக்குத் தடையன்று என்பதை அவர் படைப்புகள் மெய்ப்பிக்கின்றன. ஆயினும், கதை கேட்டும் பேசியும் வளர்ந்த அச்சூழல் எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பதில்லை. அது வாய்க்காத குழந்தைக்குப் பள்ளியே அச்சூழலாக அமைய வேண்டியுள்ளது.

4. மொழித்திறனும் தொழில்வட்டார வாழ்வும்

சிவகாசியின் தொழில் வரலாறே மொழி கடந்த கற்றலில் தொடங்குகிறது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பிறமொழிச் சூழலில் கேட்டும் கண்டும் பெற்ற அவ்வறிவிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்கள் இங்கு வேரூன்றின. இந்தியா முழுமைக்கும் செல்லும் பெட்டிகளின் மேலட்டைகள் ஆங்கிலத்தையும் இந்தியையும் இவ்வூர்த் தெருக்களுக்குக் கொண்டுவந்தன. எழுத்து இங்கு நாள்தோறும் கண்ணில் படும் பொருளாயிற்று. எனினும் ஓர் அட்டையை ஒட்டத் தெரிந்தவர்க்கு அதிலுள்ள சொற்கள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இருக்கவில்லை.

இவ்வட்டாரத்தின் கல்வி வரலாறு குழந்தைத் தொழிலாளர் சிக்கலோடு பிணைந்தது. 1986 இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1988 இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், சிவகாசியை மையமாகக் கொண்ட எம். சி. மேத்தா வழக்கில் 1996 இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஆகியவை குழந்தைகளைத் தொழிலகத்திலிருந்து பள்ளிக்குக் கொண்டுவரத் துணைநின்றன. 2016 இன் சட்டத்திருத்தம் 18 வயது நிரம்பாதோரை வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்தது. குழந்தை வகுப்பறைக்கு வந்த பின்னர், அவ்வகுப்பறை எத்தகைய ஆற்றலைத் தருகிறது என்பது அடுத்த வினா.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளுக்குத் தொழிலாளரின் மொழியறியாமையைக் காரணமாகக் காட்டுவது பிழையாகும். விதிகளைக் காக்கும் பொறுப்பு உரிமம் பெற்றோர்க்கும் கண்காணிப்போர்க்கும் உரியது. ஆயினும் விதி எழுதப்பட்ட மொழிக்கும் வேலையறையின் மொழிக்கும் இடையிலுள்ள தொலைவு கவனிக்கத்தக்கது. வேலையறையில் 'பச்சை உப்பு' எனப்படுவது ஆவணத்தில் 'பேரியம் நைட்ரேட்'. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்னும் வரம்புகள் வெடிபொருள் விதிகளின் சட்டநடையில் உள்ளன. இவ்விரு வழக்குகளையும் இணைத்துப் பொருள்கொள்ளவும், வரம்பு மீறப்படும்போது போர்மேனிடமோ அலுவலரிடமோ எடுத்துச் சொல்லவும் இயல்வது கருத்துப்பரிமாற்றத் திறனின் பயனாகும். இத்திறன் பாதுகாப்பிற்கு மாற்றாகாது. பாதுகாப்பைக் கோருவதற்கு வேண்டிய கருவியாகும்.

5. தகவல் இடைவெளியும் நன்னூலும்

கருத்துப்பரிமாற்றத் திறன் வளர, பேசுவதற்கு ஒரு தேவை இருத்தல் வேண்டும். விடை தெரிந்த ஆசிரியர் வினவ, மனனம் செய்த மாணவர் விடையிறுக்கும்போது அங்குப் பரிமாற்றம் நிகழ்வதில்லை. இக்குறையைக் களையும் ஆய்வொன்று தென்னிந்தியப் பள்ளிகளிலேயே நடைபெற்றது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களில் ஆங்கிலம் கற்பிப்பதில் மேற்கொண்ட இம்முயற்சி 'பெங்களூரு திட்டம்' எனப்படுகிறது. இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிக்காமல், மாணவர் தீர்க்க வேண்டிய பணிகளை அது வகுப்பில் அளித்தது. பொருளில் கவனம் குவியும்போது மொழியமைப்பு உள்ளத்தில் படியும் என்பது அதன் அடிப்படை. அப்பணிகளைத் தகவல் இடைவெளி, காரண இடைவெளி, கருத்து இடைவெளி என மூவகையாகப் பிரபு பகுத்தார்.

இம்மூன்றிற்கும் விருதுநகர் வட்டாரத்திலேயே பாடப்பொருள் உண்டு. சாத்தூரிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்துகளின் நேரப்பட்டியலை ஒரு மாணவரிடமும், செல்ல வேண்டியவரின் தேவையை மற்றொருவரிடமும் அளித்தால், இருவரும் வினவியே விடை காண இயலும். இது தகவல் இடைவெளி. சிவகாசியில் அச்சாகும் நாள்காட்டித் தாளில் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் அருகருகே உள்ளன. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைக் கணித்துக் காரணம் கூறுவது காரண இடைவெளி. தெருவில் குடிநீர் வராததைப் பற்றி யாருக்கு, எம்மொழியில், எத்தொனியில் எழுதலாம் என்று விவாதிப்பது கருத்து இடைவெளி. இப்பணிகள் தமிழ் வகுப்பிற்கும் ஆங்கில வகுப்பிற்கும் ஒருங்கே பொருந்தும்.

இக்கோட்பாடு தமிழ்க் கல்விமரபிற்கு அயலானதன்று. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார், ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் அதனால் காற்கூறு புலமையே வாய்க்கும் என்கிறார். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிறைவுறும் என்பது அவர் கருத்து. கேட்டலுக்குக் கால்பங்கும் உரைத்தலுக்கு அரைப்பங்கும் அளித்த இப்பகுப்பு, பேசியும் எழுதியும் வெளிப்படுத்தும்போதே கற்போர் தம் மொழிக்குறையை உணர்கின்றனர் என ஸ்வெயின் முன்வைத்த கருத்தோடு நெருங்கிவருகிறது. நன்னூலார் இதனை இரண்டாம்மொழிக்கென வகுக்கவில்லை. எனினும் உரைத்தலைக் கற்றலின் முடிவாகக் கருதாமல் கற்றலின் வழியாகவே கொண்டமை இரண்டு இடத்தும் பொதுவானது.

6. நடைமுறைத் தடைகள்

மாணவர் எண்ணிக்கை மிகுந்த வகுப்பும் குறித்த காலத்தில் முடிக்க வேண்டிய பாடப்பகுதியும் இத்தகைய பணிகளுக்கு இடையூறாகின்றன. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் பெறாத திறனுக்கு நேரம் ஒதுக்க ஆசிரியர் தயங்குவது இயல்பே. 2022 இல் தொடக்க வகுப்புகளில் அறிமுகமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் கொண்டு செயல்பாடுகளுக்கு இடமளித்தது நல்ல தொடக்கம். உயர்வகுப்புகளில் பேச்சுத்திறன் முறையாக மதிப்பிடப்படாதவரை அத்தொடர்ச்சி அறுந்துபோகும்.

மற்றொரு தடை நுட்பமானது. வட்டாரப் பொருளைப் பாடமாக்கும்போது, பட்டாசுத் தொழிலே இக்குழந்தையின் எதிர்காலம் என்னும் குறிப்பை வகுப்பறை தந்துவிடலாகாது. அட்டையிலுள்ள எச்சரிக்கையைப் படிக்கக் கற்பிப்பது அறிந்து மறுக்கவும், வேறு வழியைத் தேர்ந்துகொள்ளவும் ஆற்றல் தருவதாக அமைய வேண்டும்.

7. முடிவுரை

விருதுநகர் மாவட்டத்தில் இரண்டாம்மொழி என்பது சிலர்க்குத் தமிழும் ஏறத்தாழ அனைவர்க்கும் ஆங்கிலமும் ஆகும். தெருவழக்குத் திறனைக் கல்விசார் திறனாக மயங்கிக்கொள்வதும், வீட்டுமொழியை வகுப்பிற்கு வெளியே நிறுத்துவதும், உரைத்தலுக்கு மதிப்பீட்டில் இடமளிக்காததும் கருத்துப்பரிமாற்றத் திறனைத் தடுக்கும் மூன்று காரணங்களாகத் தெரிகின்றன. கேட்க வேண்டிய தேவையை உருவாக்கும் பணிகளும், பிறர்க்கு எடுத்துரைக்கும் வாய்ப்பும் இத்தடைகளைக் குறைக்கும். இவ்வட்டாரத்தில் குழந்தையைத் தொழிலகத்திலிருந்து பள்ளிக்கு மீட்க நெடிய போராட்டம் தேவைப்பட்டது. அக்குழந்தை தன் ஐயத்தை அச்சமின்றிக் கேட்கும் மொழியாற்றலோடு பள்ளியை விட்டுச் செல்லும்போதே அப்போராட்டம் பயனுடையதாகும்.