உடலில் ஏறிய உலோகமும் தாவர நுரையும்

யாழ்ப்பாண நகரின் தென்புறத்தே கடனீரேரிக் கரையில் அமைந்த குருநகர், முன்னாளிற் கரையூர் என வழங்கிய பழைய மீனவர் ஊராகும். 1993 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13 ஆந் திகதி அவ்வூர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. உயிரிழந்தோரும் காயமுற்றோரும் பலர். அத்தகைய நாள்கள் பலவற்றைக் கண்டது குடாநாடு. 2009 இற் போர் முடிவுற்றபோதிலும், அதன் இரும்பு பலருடைய தசையினுள் இன்றும் தங்கியுள்ளது. எறிகணைச் சிதறலைச் சுமப்போர் சிலர். முறிந்த எலும்பை இணைத்தற்கு வைத்தியர் பொருத்திய தகட்டையும் திருகாணியையும் சுமப்போர் சிலர். கண்ணிவெடியில் அடியை இழந்து செயற்கைப் பாதத்தால் நடப்போர் சிலர். இம்மூன்றும் ஒருவருக்கே நேர்ந்துவிடுதலும் உண்டு.

இத்தகையோர் ஆண்டு முதிர்ந்து, முதுகு நோவுக்கோ பாரிசவாதத்துக்கோ சிகிச்சை நாடுமிடத்து, ‘எம். ஆர். ஐ.’ எனப்படும் காந்தப் படப்பிடிப்பு வேண்டப்படலாம். அவ்வறையின் வாயிலில் அவர்களிடம் வினாவப்படுவது, உடம்பில் உலோகம் உண்டா, உண்டெனில் யாது உலோகம் என்பதாம். பின்னைய வினாவுக்கு விடை கூற வல்லார் மிகச் சிலரே. அவ்விடையின் பெறுமதி யாதென்பதை ஈண்டு ஆராய்தல் தகும்.

மனித உடல் பெரிதும் நீராலாயது. நீரில் ஐதரசன் உண்டு. ஐதரசன் அணுவின் கரு ஒரு நுண்காந்தம் போல்வது. வலிய காந்தப் புலத்தினுள் அக்கருக்கள் ஒருமுகப்பட, வானொலி அலையால் அவற்றைத் தட்டியெழுப்பி, அவை மீளும்போது விடுக்கும் குறியைக் கொண்டு படம் வரைதலே இம்முறையின் சாரம். 1973 இல் அமெரிக்கரான போல் லோட்டர்பர் இவ்வாறு படம் வரையலாமெனக் காட்டினார். ஆங்கிலேயரான பீற்றர் மான்ஸ்பீல்டு அதனை விரைவுறச் செய்தார். இருவருக்கும் 2003 இல் நோபெல் பரிசு கிட்டியது. இதிற் பயன்படும் காந்தப் புலம் பெரும்பாலும் 1.5 தெசுலா அல்லது 3 தெசுலா. திசையறி கருவியின் ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தப் புலத்தைக் காட்டிலும் 1.5 தெசுலா முப்பதினாயிரம் மடங்கிற்கு மேற்பட்டது.

இத்துணை வலிய காந்தத்தின் அருகே இரும்பு என்ன பாடுபடும் என்பது வெளிப்படை. கவரும் விசை இயந்திரத்தின் நடுவிலன்றி அதன் வாயிலருகிலேயே மிகும். உள்ளே சென்றபின் துண்டை முறுக்கித் திருப்பும் விசை மிகும். கண்ணில் இரும்புத் துகள் இருந்ததை அறியாத ஒருவர் படப்பிடிப்பின்போது அத்துகள் அசைந்தமையாற் பார்வை கெட்ட செய்தி 1986 இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. மூளை நாடியின் வீக்கத்தைக் கவ்வியிருந்த சிறு உலோகக் கவ்வி புரண்டு நோயாளி இறந்த செய்தி 1993 இல் வந்தது. அக்கவ்வி காந்தத்தாற் கவரப்படாத வகை என எண்ணப்பட்டிருந்ததே அதிலுள்ள அவலம்.

எனின், உலோகம் அனைத்தும் தீங்கானவையோ? அன்று. இதனை அடுக்களையிலேயே சோதித்தறியலாம். சிறு காந்தமொன்றை எடுத்து அரிவாளில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நல்ல எவர்சில்வர்ச் செம்பில் வைத்தால் வழுவி விழும். இரண்டிலும் பெரும்பகுதி இரும்பே. செம்பின் உருக்கிற் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்திருத்தலால், இரும்பணுக்கள் வேறோர் அடுக்கில் அமைந்து காந்தத் தன்மையை இழந்து நிற்கின்றன. செருமனியிற் குருப் நிறுவனத்தார் 1912 இற் கண்ட உருக்கு இவ்வினத்தது. எலும்புத் தகடுகளுக்குப் பயன்பட்ட துருவேறா உருக்கும் இக்குடும்பமே. காந்தம் அதனை இழுத்துச் செல்லாது. ஆயினும் அதனைச் சூழ்ந்த இடத்துப் படம் நெளிந்து கறுத்துவிடும். நோய் அவ்விடத்தே இருப்பின் படமெடுத்தும் பயன் குன்றும்.

இக்குறையைப் பெரிதும் தணித்தது தைத்தேனியம். 1791 இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதிக் கருமணலில் வில்லியம் கிறெகர் என்னும் பாதிரியார் இதன் சுவட்டைக் கண்டார். ஒட்சிசனை எளிதில் விடாத உலோகமாதலின், இதனைப் பெருமளவிற் பிரித்தெடுக்க வழிகாண ஒன்றரை நூற்றாண்டு சென்றது. வில்லியம் குறோல் என்பவர், தாதுவைக் குளோரீனுடன் சேர்த்துப் பின் மகனீசியத்தாற் பிரிக்கும் வழியை வகுத்தார். 1952 இற் சுவீடன் நாட்டுப் பிறனமார்க்கு, முயலின் எலும்பிற் பொருத்திய தைத்தேனியக் கூட்டைக் கழற்ற முயன்று இயலாது திகைத்தார். எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. 1965 இல் அவர் மனிதர் தாடையிற் பற்களை ஊன்ற அதனைப் பயன்படுத்தினார். எலும்போடு உறவாடுவதும், காந்தத்தோடு உறவு பாராட்டாததும் ஒரே உலோகத்தில் அமைந்தமை மருத்துவத்தின் நற்பேறு.

இவ்வுலோகத்தின் தாது குடாநாட்டுக்குத் தொலைவில் இல்லை. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று என்னும் கருமணல் குவிந்து கிடக்கின்றது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் கூடியது அது. காந்தத்தாற் சிறிது கவரப்படுவது. அம்மணலில் உள்ள ஏனைய கனிமங்களிலிருந்து அதனைப் பிரிப்பதும் காந்தத்தைக் கொண்டே. காந்தம் கவரும் மணலிலிருந்து காந்தத்துக்கு அஞ்சாத உலோகம் பிறப்பது விந்தையன்றோ! 1957 முதல் அரச கூட்டுத்தாபனமொன்று அம்மணலை எடுத்து வந்தது. எனினும் அஃது உலோகமாகாமல் மணலாகவே பெரும்பாலும் கப்பலேறுகின்றது. கேரளத்துச் சவறையிலோ, அவ்வூர்க் கருமணலைக் கொண்டே ஆண்டுக்கு 500 தொன் தைத்தேனியம் ஆக்கவல்ல ஆலை 2011 இல் எழுந்தது. திருவனந்தபுரத்து விண்வெளி ஆய்வாளர் அதற்குத் துணைநின்றனர். மணலை விற்று உலோகத்தை வாங்கும் வணிகத்திற் பெருமைப்பட ஏதுமில்லை.

தைத்தேனியத்தைப் ‘பாதுகாப்பானது’ என்று சொல்லிவிடலாமோ எனின், 2005 இல் வகுக்கப்பட்ட நியமம் அவ்வாறு சொல்லவிடாது. பச்சைச் சதுரம் இட்ட பொருளே எவ்விடத்தும் பாதுகாப்பானது. மின்கடத்தாத, உலோகமல்லாத பொருள்களுக்கே அக்குறி உரியது. தைத்தேனியத் தகட்டுக்கு உரியது மஞ்சள் முக்கோணம். இன்ன வலிமையுள்ள காந்தத்தில், இன்ன நிபந்தனையோடு மட்டும் என்பது அதன் பொருள். சிவப்பு வட்டமோ முற்றாக விலக்குவது. இந்நிபந்தனைக்குக் காரணம் வெப்பம். 1.5 தெசுலாக் கருவியின் வானொலி அலை வினாடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை அதிர்வது. நீண்ட கம்பி அதன் ஆற்றலை வானொலிப் பெட்டியின் ஏரியல் போல ஏற்று நுனியிற் சூடேறும். இதயத் துடிப்பை ஒழுங்குசெய்யும் கருவி அணிந்தோருக்கு நெடுங்காலம் இப்படப்பிடிப்பு மறுக்கப்பட்டமைக்கு இஃதொரு முதன்மைக் காரணம். கம்பியின் அமைப்பையும் உள்ளிருந்த காந்த ஆளியையும் மாற்றியமைத்த கருவியொன்று 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கும் மஞ்சட் குறியே.

எறிகணைத் துண்டுக்கு எக்குறியும் இல்லை. அதனைச் செய்தோர் அதன் உட்பொருளை நோயாளிக்கு எழுதிக் கொடுப்பதில்லை. அது பெரும்பாலும் காந்தம் கவரும் உருக்கு. பல்லாண்டு தசையிற் கிடந்து தழும்புத் திசுவாற் சூழப்பட்ட துண்டு பெரும்பாலும் அசையாது. கண், மூளை, முண்ணாண், பெருநாடி ஆகியவற்றின் அருகே உள்ளதே பேரச்சந் தருவது. ஆதலின் முதலில் எக்சுக் கதிர்ப் படமெடுத்து, துண்டு கிடக்கும் இடத்தை அறிந்தபின்னரே வைத்தியர் முடிவு செய்வர். பொருத்திய தகட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டுப் போதும்: செய்த நிறுவனம், உலோகம், பொருத்திய ஆண்டு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போதும் அதன் பின்னரும் வீட்டோடு கடதாசிகளையும் இழந்தோருக்கு அச்சீட்டு ஏது?

உடலுக்கு வெளியே அணியும் பாதத்தில் இக்கவலை குறைவு. படப்பிடிப்பு அறைக்கு வெளியே அதனைக் கழற்றி வைத்துவிடலாம். அங்கு எழும் கேள்வி வேறு: நீரிலும் சேற்றிலும் அது நிலைக்குமோ? 1968 இற் செய்ப்பூரில் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் ஆக்கிய பாதத்திற் குதியும் முன்னடியும் நுண்ணறை இறப்பர். கணுக்காற் பகுதி மரம். அவற்றைச் சுற்றி இறப்பர் உறை. நுண்ணறை இறப்பர் என்பது நுரையே. ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே மூடப்பட்டிருத்தலின் நீர் உட்புகாது. செருப்பின்றிக் கடனீரேரியில் இறங்கி வலை இழுப்போருக்கு இதனினும் ஏற்றது அரிது. 1987 முதல் யாழ்ப்பாணத்திலுள்ள செய்ப்பூர் நிலையம் இவ்வகைப் பாதங்களை அணிவித்து வருகின்றது. இறப்பர் மரமும் இந்நாட்டுக்கு 1876 இல் வந்து கெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றியதே.

இறப்பருக்கு அடுத்தாற்போல் வந்தது பொலியுரித்தேன் நுரை. 1937 இற் செருமனியில் ஒட்டோ பேயர் கண்டது, மண்ணெய்க் குலத்தது. இந்திய விண்வெளி ஆய்வாளர் செய்ப்பூர்ப் பாதத்தையே இதனால் இலகுவாகச் செய்து காட்டினர். இதன் ஒரு பாதியைத் தாவர எண்ணெயாற் செய்யலாம் என்பதே புதுமை. ஆமணக்கெண்ணெய் இதற்கு இயல்பாகவே ஏற்றது. அதன் கொழுப்பமிலத்திற் பெரும்பகுதி ஐதரொட்சிற் கூட்டத்தைத் தாங்கி நிற்பது. அக்கூட்டமே மற்றப் பாதியாகிய ஐசோசயனேற்றைப் பற்றிப் பிணைவது. சிறிது நீர் சேர்ந்தாற் காபனீரொட்சைட்டு எழும். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்ப மாப் போலக் கலவை பொங்கி இறுகும். சோயா எண்ணெயை முதலில் ஒட்சியேற்றிப் பக்குவப்படுத்தல் வேண்டும். அதனால் ஆன நுரையைப் போட் நிறுவனம் 2007 இல் மோட்டார் வண்டி இருக்கைகளில் இட்டது. தேங்காயெண்ணெய் பெரிதும் நிரம்பிய கொழுப்பமிலங்களாலாயது; பிணைப்புக்கு இடந்தரும் இரட்டைப் பிணைப்புகள் அதிற் சிலவே. தென்னை மலிந்த நாட்டுக்கு இது சற்று ஏமாற்றமே.

‘தாவர நுரை’ என விற்கப்படும் பொருளிலும் ஐசோசயனேற்று பெரும்பாலும் மண்ணெயிலிருந்தே வருகின்றது. ஆகவே அப்பெயரையும் மஞ்சள் முக்கோணத்தைப் படிப்பதுபோலவே படித்தல் வேண்டும்: எத்துணைப் பங்கு தாவரம், எத்துணை ஆண்டு உப்புநீரில் உழைக்கும், பிய்ந்தால் உள்ளூரிலேயே ஒட்டிச் செப்பனிடலாமா என்று. செய்ப்பூர் இறப்பர்ப் பாதத்தை ஓர் ஊர்க் கைவினைஞன் அச்சிலிட்டு அவித்துச் செய்துவிடுவான். பொலியுரித்தேனுக்குப் பொறியும் அளந்து கலக்கும் இரசாயனமும் வேண்டும். அவை கடல் கடந்து வருதல் வேண்டும்.